இணங்க வைக்கும் மொழியை வகுப்பில் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 9 முதல் 13 வரை படிப்பிக்கும் ஆசிரியர்களும், பின்னேர வகுப்பு நடத்துபவர்களும், சில பெற்றோரும் கேட்டவை இவை. ஒரு பேச்சோ விளம்பரமோ கட்டுரையோ தன்னைக் கேட்பவரை எப்படி இணங்க வைக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது, பிறகு அதே திறனை வைத்துத் தானே எழுதுவது. இரண்டையும் மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் விஷயம்.

தமிழ்ப் பாடத்தில் அணி இலக்கணம் ஏற்கெனவே இருக்கிறதே, இதில் புதிதாக என்ன?

அணி இலக்கணத்தில் பிள்ளை பழகுவது பெயர் சொல்ல. உவமை எது, உருவகம் எது, வஞ்சப்புகழ்ச்சி எது என்று காட்டினால் புள்ளி கிடைக்கும். இங்கே கேள்விகள் வேறு. இதை யார் சொன்னார்? யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார்? கேட்டவர் என்ன செய்ய வேண்டுமென்று நினைத்தார்? அந்த வேலைக்கு இந்தச் சொல் எப்படி உதவியது?

நம் மாணவரிடம் பெயர் அறிவுக்குப் பஞ்சமில்லை. தரம் 11 பிள்ளையிடம் ஒரு பந்தியைக் கொடுத்தால் அதிலுள்ள அணிகளுக்கெல்லாம் மளமளவென்று கோடு போட்டுவிடும். "சரி, அதனால் என்ன?" என்று கேட்டால் "அழகு சேர்க்கிறது" என்று பதில் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. என் வகுப்பில் "அழகு சேர்க்கிறது" என்ற விடைக்குத் தடை. எழுதினால் வெட்டிவிடுவேன்.

எந்தத் தரத்தில் தொடங்கலாம்?

விளம்பரங்களை வைத்துத் தரம் 9இல். முழுப் பேச்சு தரம் 10இல். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டாம், கடந்தகால வினாத்தாளைத் தவிர வேறெதையும் அப்போது யாரும் பார்க்கமாட்டார்கள். ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள் இதற்கு மிக நல்லவை.

முதல் பாடத்துக்கு எதை எடுப்பது?

பெரிய பேச்சு எதையும் எடுக்காதீர்கள். வெள்ளவத்தையில் காலி வீதியால் நடந்தாலும் சரி, கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தியில் நின்றாலும் சரி, மதிலிலும் கம்பத்திலும் டியூஷன் சுவரொட்டிகள் இருக்கும். பிள்ளைகளைக் குறிவைத்தே எழுதப்பட்டவை அவை. அதனால் அவற்றைப் பற்றிப் பேச அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையான சுவரொட்டியைக் கொண்டுபோனால் அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளை முன்வரிசையில் இருக்கும், வீண் சங்கடம். நான் பயன்படுத்துவது ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வகுப்பு ஒன்றுக்கென நானே எழுதியது:

"ஏ.எல். இரசாயனவியல். கடைசி 15 இடங்கள்! சென்ற வருடம் எம்மோடு இருந்தவர்கள் இன்று மருத்துவ பீடத்தில். அடுத்த வருடம் நீங்கள் எங்கே?"

இதை வைத்து ஒரு பாடவேளை முழுவதும் ஓட்டலாம். கடைசி 15 என்றால் மொத்தம் எத்தனை? சொல்லவில்லை. யோசித்துப் பார்க்க நேரம் தரக்கூடாது என்பதுதான் அந்த எண்ணின் வேலை. "இருந்தவர்கள்" எத்தனை பேர்? இருவரா, இருநூறு பேரா? அவர்கள் வேறு வகுப்புகளுக்கும் போனார்களா? "எம்மிடம் கற்றவர்கள்" என்று போடாமல் "எம்மோடு இருந்தவர்கள்" என்று ஏன் போட்டார்கள்? கட்டணம் கட்டிப் படிக்கும் இடம் ஒரு வீடு மாதிரித் தோன்ற வேண்டும் என்பதற்காக. கடைசி வரி கேள்வியாக முடிகிறது, பதில் இல்லை. அந்தப் பதிலைப் பிள்ளையின் பயம் போட்டுக்கொள்ளும்.

பிறகு, அந்த "நீங்கள்" யார் என்று கேளுங்கள். சுவரொட்டியைப் பார்ப்பது பிள்ளை, காசு கொடுப்பது அம்மா. அதே விளம்பரத்தை அம்மாவுக்காக மாற்றி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டாம் தடவை பரீட்சை எழுதப்போகும் மாணவனுக்காக. "மருத்துவ பீடத்தில்" என்ற சொல் அவனை ஈர்க்குமா, குத்துமா? கேட்பவர் மாறினால் சொல்லும் மாறும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழி தெரியாது.

அரிஸ்டோட்டில் சொன்ன மூன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

சொல்லிக்கொடுங்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் பிரித்துக் காட்டியது இன்றும் கைகொடுக்கிறது: சொல்பவர்மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்ற கிரேக்கப் பெயர்களைப் பாடமாக்கத் தேவையில்லை. நம்பிக்கை, உணர்ச்சி, நியாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்குக் கிரேக்கம் வரை போகவும் வேண்டாம். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி வாதாடும் இடம். விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக அவள் வந்து நிற்பதிலேயே உணர்ச்சி பிறந்துவிடுகிறது. "நீ யார்?" என்று அரசன் கேட்கிறான். அவள் தன் பெயரை உடனே சொல்லவில்லை. "தேரா மன்னா" என்று தொடங்கி முதலில் ஊரைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீர் கண்டு சொந்த மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். இரண்டு சோழ மன்னரும் நீதிக்குப் பெயர் பெற்றவர்கள். தன்னை நம்பத்தக்கவளாக நிறுத்தும் அதே வாக்கியத்தால் பாண்டியனுக்கு ஓர் அளவுகோலும் வைத்துவிடுகிறாள். அதன் பிறகுதான் கணவன் பெயர், கடைசியில் தன் பெயர்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் பதில் சொல்கிறான். அதுவும் நல்ல வாதம்தான், பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணகி அந்தக் கொள்கையோடு மோதவில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. அதன் பிறகே சிலம்பு உடைகிறது. முதலே உடைத்திருந்தால் "எங்களுடையதும் மாணிக்கப் பரல்தான்" என்று யாராவது சொல்லியிருக்க முடியும். எதிர்த்தரப்பை ஒரு நிலையில் நிறுத்திவிட்டுச் சான்றைக் காட்டும் இந்த வரிசையை எந்த வழக்கறிஞரும் பாராட்டுவார்.

ஓர் எச்சரிக்கை. மூன்று நிறப் பேனா கொடுத்து நம்பிக்கைக்கு நீலம், உணர்ச்சிக்குச் சிவப்பு, நியாயத்துக்குப் பச்சை என்று கோடு போடச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒரே வரி மூன்றையும் செய்யும் என்பதைப் புகார் வரியே காட்டுகிறது. நிறம் தீட்டுவதும் கடைசியில் பெயர் சொல்லும் பழைய விளையாட்டாகத்தான் முடிகிறது.

பிள்ளைகள் எதிர்க்கருத்தையே எழுதுவதில்லை. எப்படிப் பழக்குவது?

நன்னூல் பாயிரத்தில் நூலாசிரியர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகளை "எழுவகை மதம்" என்று பவணந்தி முனிவர் சொல்கிறார். உடன்படல், மறுத்தல், பிறர் மதம் மேற்கொண்டு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறிதொன்றோடு சேராமல் தன் மதம் கொள்ளல். பாடசாலையில் இதைப் பாடமாக்கித் தேர்வுக்கு எழுதியவர்கள் பலர். இதைக் கருவியாகக் கையில் எடுத்தவர்கள் குறைவு.

மூன்றாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கருத்தை முதலில் ஏற்று, அது செல்லும் தூரம் வரை சென்று, பிறகு களைவது. "பாடசாலையில் கைபேசி வேண்டாம்" என்று எழுதும் பிள்ளை இப்படித் தொடங்கட்டும்: "பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பெற்றோருக்குப் பதற்றம், அது நியாயம். மாலை நெரிசலில் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதற்றம் மணி அடித்த பிறகு வருவது. காலை எட்டு மணிப் பாடத்தில் அல்ல." எதிர்த்தரப்பு சொல்லியதைவிட நன்றாக அதைச் சொல்லிக் காட்டினால் முழுப் புள்ளி. கேலிசெய்து தள்ளினால் பாதி.

அரசியல் பேச்சை வகுப்பில் எடுக்கலாமா? அதிபர் என்ன சொல்வாரோ?

அந்தப் பயம் நியாயமானதுதான். நேற்றைய பேச்சை எடுத்தால் வகுப்பு கட்சி பிரியும். வயதான பேச்சாக எடுங்கள்.

நான் விரும்பி எடுப்பது 1956ஆம் ஆண்டு. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில். லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா அதை எதிர்த்துப் பேசும்போது, இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்ற கருத்தில் சொன்னது இன்றுவரை மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் இரண்டும் இடம் மாறுகின்றன, வேறு எதுவும் இல்லை. கேட்டவர் மறக்க முடியாதபடி காதில் நிற்கிறது. "முரண் தொடை" என்று எழுதிவிட்டுப் பிள்ளை பேனையை வைக்கப் பார்க்கும், விடாதீர்கள். முன்னால் இருந்தவர் யார் என்று கேளுங்கள். தேர்தலில் அப்போதுதான் பெருவெற்றி பெற்று வந்த அரசாங்கத்தரப்பு. தமிழருக்கு அநீதி என்ற வாதம் அவர்களிடம் எடுபடாது. அதனால் அவர்களும் விரும்பும் ஒன்றை, நாடு பிரியாமல் இருப்பதை, வாதத்தின் அச்சாக வைத்தார். இரக்கம் கேட்கவில்லை, அவர்களின் சொந்த நலனைக் காட்டினார்.

சட்டம் நிறைவேறியது. நல்ல பேச்சு ஏன் தோற்றது என்பது அடுத்த வகுப்புக்கான கேள்வி. அதற்கடுத்ததற்கு இன்னொன்று இருக்கிறது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு சிங்களத்தின் ஆட்சிமொழி நிலையைத் தன்னுள்ளேயே எழுதிக்கொண்டது. அப்போது அரசியலமைப்பு விவகார அமைச்சர் அதே கொல்வின். இது தெரிந்த பிறகு 1956 வாக்கியம் பொய்யாகிவிடுமா, அல்லது சொன்னவர்மேல் உள்ள நம்பிக்கை மட்டும் குறையுமா? தரம் 12இல் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.

கிட்டத்துச் சம்பவம் வேண்டுமென்றால், 2022இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராகக் காலிமுகத் திடலில் ஒலித்த "கோட்டா கோ ஹோம்". கட்சி நியாயம் பேசாமல் சொற்களை மட்டும் பார்க்கலாம். மூன்று சிறு சொற்கள், முதல் இரண்டிலும் மோனை, ஆங்கிலமானாலும் எந்த மொழிக்காரரும் ஒரே மூச்சில் கத்தக்கூடியது. அங்கிருந்த கூடாரங்களுக்குக் "கோட்டாகோகம" என்று பெயர் வந்தது. சிங்களத்தில் "கம" என்றால் ஊர். கோஷத்தையே ஊராக்கிவிட்டார்கள். எதிர்ப்பவர்கள் என்ற நிலையிலிருந்து குடியிருப்பவர்கள் என்ற நிலைக்கு நகர்ந்த அந்த ஒரு சொல் மாற்றத்தைப் பற்றி நல்ல பந்தி ஒன்று எழுதலாம்.

மாணவரின் பகுப்பாய்வு "இங்கு இந்த உத்தி பயன்படுத்தப்பட்டுள்ளது" என்றே நின்றுவிடுகிறது. அதை எப்படி முன்னேற்றுவது?

எல்லா ஆசிரியரும் கேட்பது இதுதான். ஓர் உதாரணம் காட்டுகிறேன். டெங்குத் துண்டுப்பிரசுரம் ஒன்றுக்காக நான் எழுதிய வரி: "உங்கள் வீட்டுப் பூச்சாடித் தட்டில் தேங்கும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும், பக்கத்து வீட்டுக் குழந்தையை வைத்தியசாலைக்கு அனுப்ப."

வழக்கமான விடை: "இங்கு மிகைப்படுத்தல் மூலம் கருத்து வலியுறுத்தப்பட்டு வாசகர் மனம் கவரப்படுகிறது." இந்த விடையை உலகிலுள்ள எந்த வாக்கியத்துக்கும் எழுதலாம். அதுதான் அதன் குறை. போதாக்குறைக்கு இங்கே மிகை எதுவும் இல்லை, டெங்கு நுளம்பு முட்டையிட அவ்வளவு தண்ணீர் போதும்.

எழுதவேண்டிய விடை இப்படி இருக்கலாம்: "'தேக்கரண்டி' என்பது, சுத்தம் செய்ய நேரமில்லை என்ற சாட்டை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. தண்ணீர் உங்கள் வீட்டில், நோய் பக்கத்து வீட்டில். தன் குடும்பத்துக்கு ஒன்றும் வரவில்லை என்று இருப்பவரையும் இந்த வரி பொறுப்பாளியாக்குகிறது. மதிலுக்கு மதில் ஒட்டி வாழும் கொழும்பு வாசகருக்கு அந்தக் குழந்தையின் முகம் தெரியும்."

இங்கு கொண்டுவர இரண்டு வழிகள் உதவும். ஒன்று, சொல்லை மாற்றிப் பார்ப்பது. "பக்கத்து வீட்டுக் குழந்தையை" என்ற இடத்தில் "உங்களை" என்று போட்டால் என்ன போய்விடுகிறது? போனது எதுவோ அதை எழுது. மற்றது, வினைச்சொல் பட்டியல். கவர்கிறது, வலியுறுத்துகிறது, மெருகூட்டுகிறது ஆகிய மூன்றையும் எடுத்துவிடுங்கள். பதிலுக்கு இவற்றைச் சுவரில் ஒட்டுங்கள்: அவசரப்படுத்துகிறது, வெட்கப்பட வைக்கிறது, பழியை நகர்த்துகிறது, சந்தேகத்தை விதைக்கிறது, தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது, பயமுறுத்திவிட்டுத் தணிக்கிறது, கேள்வி கேட்க விடாமல் செய்கிறது. வினைச்சொல் மாறினால் சிந்தனையும் மாறிவிடுகிறது. இது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பது எனக்கே கொஞ்சம் வியப்புத்தான்.

பேச்சுப் போட்டிக்குப் பழக்குவதே போதாதா?

கோபிக்க வேண்டாம், போதாது. ஆசிரியரோ அப்பாவோ எழுதுகிறார், பிள்ளை பாடமாக்குகிறது, எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது. குரல், உச்சரிப்பு, மேடைப் பயம் போவது எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சு யாரையும் எதற்கும் இணங்க வைக்க எழுதப்பட்டதில்லை. நடுவர் புள்ளி போடுவார், சபை கை தட்டும், யாரும் மனம் மாறிப் போவதில்லை.

பதிலாக ஒரே கோரிக்கையை மூன்று பேரிடம் பேசச் சொல்லுங்கள். பாடசாலை நூலகத்தைப் பின்னேரம் நான்கு மணிவரை திறந்து வைக்க வேண்டும். அதிபரிடம் இரண்டு நிமிடம், நூலகப் பொறுப்பாசிரியரிடம் இரண்டு நிமிடம் (நேரம் நீள்வது அவருக்குத்தான்), தரம் 8 பிள்ளைகளிடம் இரண்டு நிமிடம். எழுதி வாசிக்கக் கூடாது. மூன்றாவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள்.

பட்டிமன்றம்?

ரசிக்கலாம். ஆனால் தலைப்பை இரண்டாக வெட்டி, நகைச்சுவையால் கட்டி, கடைசியில் நடுவர் இரண்டு பக்கமும் சரி என்று முடிக்கும் வடிவத்தில் வாதப் பயிற்சி குறைவு. பாடசாலை விவாதப் போட்டி பரவாயில்லை, அங்கே மறுதரப்பு சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும்.

போலி வாதங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மணிமேகலையின் 29ஆவது காதையில் பௌத்த தருக்கம் விரிவாக வருகிறது. இம்மலை நெருப்புடைத்து, இது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று). புகை இருப்பதால், இது ஏது (காரணம்). அடுக்களை போல, இது திட்டாந்தம் (உதாரணம்). அதே காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று குற்றங்களும் வகுக்கப்பட்டிருக்கின்றன. உட்பிரிவுகள் எல்லாம் வேண்டாம், பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற மூன்று பெட்டிகள் போதும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியை இந்தப் பெட்டிகளில் போடச் சொல்லுங்கள். "வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடும், என் மாமா குடித்துக் குணமானார்." பக்கம் இருக்கிறது. திட்டாந்தம் மாமா. ஏது? அந்தப் பெட்டி காலி. மாமா மருந்தும் குடித்தாரா என்று யாராவது கேட்பார்கள், பாடம் அதோடு ஓடத் தொடங்கிவிடும். வீட்டில் அனுப்பியவரின் பெயரை மறைத்துவிடச் சொல்லுங்கள், பாவம்.

லண்டன் பாடவிதானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா?

அங்கே இது நேரடியாகப் பரீட்சைக்கே வருகிறது. லண்டன் ஓ.எல். (பிரித்தானியப் பரீட்சை அமைப்பு நடத்தும் சாதாரண தரம்) ஆங்கில மொழித் தாளில் கதையல்லாத பகுதியைத் தந்து, எழுத்தாளர் மொழியையும் அமைப்பையும் எப்படிக் கையாள்கிறார் என்று கேட்கிறார்கள். அமெரிக்க உயர்பாடசாலைகளின் ஏ.பி. (பல்கலைக்கழக மட்டப் பாடம்) ஆங்கில மொழிப் பரீட்சையில் மூன்று கட்டுரைகளில் ஒன்று முழுக்க இதற்கே. அதன் புள்ளி முறை கவனிக்கத்தக்கது. மொத்தம் 6. தெளிவான நிலைப்பாட்டுக்கு 1, சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும் 4, சிந்தனை நுட்பத்துக்கு 1. உத்தியின் பெயரைச் சொல்வதற்கென்று தனிப் புள்ளி கிடையாது. தமிழ் விடைகளுக்கும் நான் ஏறத்தாழ இதையே பின்பற்றுகிறேன். ஏ.எல். பிள்ளைகள் முதலில் முறைப்பாடு செய்வார்கள்.

ஏ.ஐ. எழுதிக் கொடுத்துவிடுகிறதே?

வகுப்பில், கையால், அன்றைக்குக் காட்டிய பகுதியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். வீட்டுவேலையாக ஏ.ஐ. எழுதிய விளம்பரத்தையே கொண்டுவரச் சொல்லிப் பிரிக்கலாம். "கவர்கிறது" என்ற வினை அதற்கும் ரொம்பப் பிடிக்கும்.

பிள்ளை வீட்டில் எதிர்த்து வாதாடத் தொடங்கிவிட்டது. நிறுத்த முடியுமா?

ஒரு தாயின் கேள்வி. நிறுத்த முடியாது. "எல்லாரிடமும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை" என்பது இந்தப் பாடத்துக்கு வெகுகாலம் முன்பே வீட்டில் இருந்த வாதம். இப்போது நீங்கள் "எல்லாரும் என்றால் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்கலாம், பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும்.

பகுதிகளை எங்கே தேடுவது?

பாராளுமன்ற விவாதங்களின் ஹன்சாட் பதிவில், தமிழில் பேசியவை தமிழிலேயே இருக்கின்றன. வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வருகின்றன. ஒரே நிகழ்வுக்கு இரண்டு பத்திரிகைகளின் ஆசிரியர் தலையங்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வாரத்துக்குப் பாடம் கிடைக்கும். பழைய இதழ்களுக்கு "நூலகம்" என்ற இணையத்தளம் இருக்கிறது, இலவசம். கொழும்பில் இருப்பவர்கள் வெள்ளவத்தையில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். போகுமுன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள், முப்பது பிள்ளைகள் ஒரேயடியாக உள்ளே நுழைந்தால் அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இடைஞ்சல். ஒளிப்படப் பிரதியில் பேச்சாளரின் பெயரையும் ஆண்டையும் மறைத்துவிட்டு முதலில் கொடுங்கள். யார், எப்போது, யாரிடம் பேசியிருப்பார் என்று சொற்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். பெயரைப் பிறகு சொல்லலாம்.